தூங்கிய நேரமும் கணக்கில்

...புதினா மட்டும் போதும், கொத்தமல்லி இருக்கு, என்றுதான் அனுப்பியிருந்தாள், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை, கூடுவாஞ்சேரியில் டைல்ஸ் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் ஷாகுலுக்கு ஒரு மனைவி அனுப்புவதுதான், அனுப்பிவிட்டு ஹஃபீசா ஆபீஸ் தோழி கீதாவோடு மறுபடி போனில் சிரிக்கப் போய்விட்டாள். எதற்குச் சிரித்தார்கள்... மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடி, தண்ணீர் மோட்டாரை இருபது நிமிடத்தில் தானாக நிறுத்த வேண்டிய, அவர்கள் கம்பெனி செய்த பெட்டி நிறுத்தவில்லை, மாடித் தொட்டி வழிந்து லாரித் தண்ணீர் மொத்தமும் கார்களுக்கடியில். "செக்ரட்டரி இன்னா கத்து கத்தறார் தெரியுமா ஹஃபீ? ஆள் அனுப்பாதம்மா, போட் அனுப்புன்றாரு." வயிறு வலிக்கச் சிரித்தாள் ஹஃபீசா. அப்போது ஷாகுல் உயிரோடு இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் லாரி மோதி, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பின் சற்று நேரத்திலேயே எல்லாம் முடிந்திருந்தது, அவளுக்குச் சேதி வந்தது சூரியன் மறைந்து, மஃரிபுக்கு அப்புறம். நடுவில் கிடக்கும் அந்தப் பொழுது... அது யாருடைய பொழுது? அதில் சிரித்தவள் யார், மனைவியா, விதவையா?

இப்போது அதே பெட்டியின் போர்டு மேசைமேல் இருக்கிறது, புருஷனை இழந்து நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் இருப்பவள் வெளியே போகக்கூடாது, ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்து இந்தப் படுக்கையறையிலிருந்து வேலை பார்க்கலாம், பார்க்கிறாள், பார்க்காவிட்டால் வேறு என்ன செய்வது. கோளாறு எளிமையானது. பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் மென்பொருளான கர்னலுக்கு ஒரே ஒரு கடிகாரம்தான் தெரியும், சுவர்க் கடிகாரம் மாதிரி, யார் வேண்டுமானாலும் முள்ளைத் திருப்பலாம், அன்றைக்கு நெட்வொர்க்கிலிருந்து யாரோ ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார்கள், மோட்டாரை நிறுத்த வேண்டிய நிமிடம் வரவே இல்லை. அதனால் கர்னலுக்குள் இரண்டாவதாக ஒரு கடிகாரம் வைக்கிறாள். அதற்குத் தேதி தெரியாது, மணி தெரியாது, போர்டு உயிர் பெற்றதிலிருந்து டிக், டிக் என்று கூட்டிக்கொண்டே போகும், யாரும் திருப்ப முடியாது, பின்னால் போகவே போகாது. எழுதி முடித்தும்விட்டாள். ஆனால் மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போர்டு அவ்வப்போது தூங்குமே, அந்த நேரத்தை அவள் எண்ணவில்லை, தூங்குகிறவனுக்கு நேரம் ஏது என்று விட்டுவிட்டாள். மத்தியானம் கீதா கூப்பிட்டாள். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. போர்டு தூங்குது, உன் கடிகாரமும் கூடவே தூங்குது, சரி... மோட்டார் தூங்குமாடி?" பொறுமையாகச் சொல்கிற ஆள்தான் கீதா, இந்த நான்கு மாதமாக இன்னும் பொறுமையாகிவிட்டாள், அந்தப் பொறுமைதான் தாங்க முடியவில்லை.

அஃப்ஷான் கதவருகே வந்து நின்றாள், ஷாகுலின் தங்கை, இத்தாவுக்குத் துணையாக வந்து தங்கியிருப்பவள். "அண்ணி, இன்னைக்கு மஃரிபோட இத்தா முடியுது. கீழ கேட் வரைக்கும் வாங்க, போதும், வேற எங்கயும் கூப்பிடல." நாளைக்குத்தான் முடியுது என்றாள் ஹஃபீசா, திரும்பிப் பார்க்காமல். "பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டேன். அண்ணன் மவுத்தான நேரத்துலேர்ந்துதான் நாலு மாசம் பத்து நாளும். சேதி வந்த நேரத்துலேர்ந்து இல்லையாம்." ஹஃபீசா கீபோர்டில் தட்டிக்கொண்டே இருந்ததால், "உங்களுக்குன்னு தனியா ஒரு கடிகாரம் வெச்சிருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று அங்கேயே நின்றாள். தப்பில்லை. ஆமாம், வைத்திருக்கிறாள். மஃரிபில், பொழுது சாய்ந்ததுமே, நாள் மாறிவிடுகிறது, ஷாகுல் போனது ஒரு நாளில், சேதி வந்தது அடுத்த நாளில், அந்த ஒரு நாளைத்தான் இவள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சேதியிலிருந்து எண்ணினால் போனில் சிரித்தவள் ஒருவனின் மனைவி, புதினா கேட்டவள் மனைவி. ஹஜ்ரத் சொல்கிறபடி எண்ணினால்... தெரியாமல் இருந்தது ஒரு கணக்கா? தெரியாதவளுக்கும் அது ஓடிக்கொண்டிருந்ததா?

போர்டின் ஓரத்தில் நகத்தளவு ஒரு சில்லு, தனி பேட்டரியோடு, எல்லாம் உறங்கும்போதும் அது மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். விழித்ததும் அதனிடம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டு, கூட்டிக்கொள்ள வேண்டும், நான்கைந்து வரிதான், தெரியாததா அவளுக்கு, முதல் நாளே தெரியும். தான் எழுதியதை அழித்தாள், அந்த வரிகளை எழுதினாள், போர்டைத் தூங்க வைத்தாள், ஜன்னலுக்கு வெளியே வேளச்சேரி சாலை ஹாரன்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு எழுப்பினாள். எண் தாவியிருந்தது. தூங்கியதெல்லாம் அதில் இருந்தது, ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றையும் விட்டுவைக்கவும் இல்லை. கீதாவுக்கு அனுப்பினாள், தூங்கின நேரமும் சேர்த்தாச்சு. உடனே பதில் வந்தது, "இதான்டி சரி." சரிதான். சரியாக இருப்பது இவ்வளவு கொடுமையாக இருக்க வேண்டுமா என்றுதான்... அப்படியானால் சிரித்தவள் விதவைதான், வயிறு வலிக்க.

மஃரிப் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வந்த அஃப்ஷான் ஒன்றும் பேசாமல் இவள் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள், இத்தனை நாள் அலமாரிக்கடியில் கிடந்த செருப்பு. போவாளா, தெரியவில்லை, கை போனை எடுத்தது. வாட்ஸ்அப்பில் ஷாகுல் பெயரைத் தொட்டாள். லாரிக்கடியில் நொறுங்கிய போனுக்கு அனுப்பியது, புதினா மட்டும் போதும், கொத்தமல்லி இருக்கு, அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இன்னும் ஒரே ஒரு டிக்.