என்ன முறை

...இந்தப் பெண் மறுபடியும் சட்டையைத்தான் பிடித்து இழுக்கிறாள், வாய் திறந்து கூப்பிட மாட்டாள், அப்படி என்ன கேட்டுவிட்டோம், அங்கிள் என்றாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று ஏகநாதனுக்கு இருந்தது, வெயில் வேறு மண்டையைப் பிளந்தது, அடையாற்றங்கரை மண்பாதையில் நடந்து நடந்து கெண்டைக்கால் இரண்டும் கடுத்தன. மெப்ஸ் ஏற்றுமதிப் பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவனைத் தூங்க விடாமல், பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப் போங்க, பழகட்டும் என்று புஷ்பலதாதான் கிளப்பிவிட்டாள். பழகட்டுமாம். கல்யாணமாகி மழைக்காலம் போய் வெயில்காலமும் வந்தாயிற்று. ஒன்பது வயது சத்யப்ரியாவுக்கு என்ன சாமர்த்தியம், இங்க பாருங்க, அம்மா உங்கள சாப்பிட வரச் சொன்னாங்க, எதிலாவது ஒரு உறவுமுறை உண்டா, அப்பா கிடையாது, மாமா கிடையாது, ஒன்றும் கிடையாது. அவளைப் பார்த்து ஐந்து வயது இளமாறனும் அதே வழி. இதுவா ஆறு என்று இப்போது கேட்டதுகூட ஆகாயத்தாமரையைப் பார்த்துத்தான், அவனைப் பார்த்து இல்லை.

ஆமாம், இதுதான் ஆறு, அதோ அந்தப் பக்கம் தெரிவது திருநீர்மலை... அங்கேதான் மாலை மாற்றிக்கொண்டது. முகூர்த்த நாள், ஜோடிகள் வரிசையில் நிற்க, பட்டர் அவசரப்படுத்த, அண்ணி கொஞ்சம் இப்படி வாங்க என்று அவன் வாயில் வந்தேவிட்டது. பட்டரே நிமிர்ந்து பார்த்தார். புஷ்பலதா தலையைக் குனிந்துகொண்டாள். என்ன செய்வது, நாக்கில் ஊறிய பழக்கம். தசரதன் அவனுக்குக் கூடப் பிறந்தவரில்லை, இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை கற்றுக்கொடுத்தவர், தன் டிபன் பாக்ஸில் பாதியைத் தள்ளி வைத்தவர், அதனால் அண்ணன், அண்ணன் வீட்டுக்காரி புஷ்பலதா அண்ணி. சுனாமி வந்த வருஷம் கம்பெனியை மூடினார்கள், அதே வருஷம் மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று அந்த வீட்டுக்குப் போய்வந்ததைத் தெருவே மென்றது, மென்று மென்று கல்யாணத்தில் கொண்டுவந்து விட்டது. தெருவுக்காகவா செய்துகொண்டான்? ஆசை இல்லாமலா? இருந்தது, அதுதானே குத்துகிறது. இன்றைக்கும் தூக்கக் கலக்கத்தில் அண்ணி, தண்ணி என்றுவிடுகிறான், அவள் காதில் விழாத மாதிரி செம்பை வைத்துவிட்டுப் போகிறாள்.

பாதை வளைந்து ஏறியது, பவுண்டரி வந்துவிட்டது. பெரிய இரும்பு கேட்டைக் காணோம், கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசிக் குளிர். ஷெட்டை இடிக்காமல் மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கடை கடையாகப் பிரித்திருக்கிறார்கள், புகைபோக்கியைச் சுற்றி சீரியல் லைட், உலை இருந்த இடத்தில் பிள்ளைகள் குதிக்கக் காற்றடித்த பலூன் வீடு. இந்த இடத்திலா உள்ளங்கால் கொப்பளித்தது, இந்த இடத்திலா அண்ணன் ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்... அப்பா இங்கதான வேலை பாத்தாரு, எந்த எடத்துல என்று சத்யப்ரியா கேட்டாள். பலூன் வீட்டை ஒட்டியிருந்த ஐஸ்கிரீம் கடையைக் காட்டினான். அங்கேதான், உங்கப்பா நின்றால் எங்களுக்குச் சூடே உறைக்காது என்றான். அவள் கடைக்கு முன்னால் பளபளத்த தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு சட்டையை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள். தானாக, முதல் முறையாக. இப்போது கூப்பிடுவாள், நாக்கு நுனியில் வந்துவிட்டது, அசையாதே, கெடுத்துவிடாதே.

அந்த நேரம் பார்த்தா சிட்டிபாபு வரவேண்டும். பழைய கேட்டில் நின்ற அதே வாட்ச்மேன், புது யூனிபார்ம், அதே தொந்தி.

"இன்னா ஏகா, ஆளே காணோம். கண்ணாலம் கட்டிகினியா? பசங்க உன்துங்களா?"

கைக்குள் சின்ன விரல்கள் இறுகின. ஆமாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், சொல்லேன்... இவருக்குத் தெரிந்தால், அண்ணன் பெண்டாட்டியையா என்று அந்தப் பார்வை வருமே, கேன்டீனில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டவர்களாயிற்றே...

"இல்லண்ணா. தசரதண்ணன் பசங்க."

பொய்யில்லையே? ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. சிட்டிபாபு உச்சுக் கொட்டினார், பையன் தலையைத் தடவினார், அந்த மாதிரி மனுசன் உண்டா என்றார், அண்ணன் பிள்ளைகளை இப்படி எவன் பார்ப்பான் என்று அவன் முதுகிலும் தட்டினார். அவள் கை எப்போது நழுவியது என்று ஏகநாதனுக்குத் தெரியவில்லை. ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டான், வேணாம் என்றாள், இளமாறன்கூட வேணாம் என்றான்.

திரும்பி அதே ஆற்றங்கரை. அவள் முன்னால் போனாள், தம்பியையும் இழுத்துக்கொண்டு. கூப்பிடவில்லை கூப்பிடவில்லை என்று இத்தனை மாதம் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன், கேட்ட இடத்தில் தன் வாயில் என்ன வந்தது? தாம்பரம் பஸ் இன்னும் எவ்வளவு தூரம், படுத்தால் போதும், அப்படியே செத்த மாதிரி தூங்கவேண்டும்... சத்யப்ரியா நின்று திரும்பினாள். முகத்தில் கோபமில்லை, கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி தெளிவாக இருந்தது.

"சித்தப்பா, தம்பிக்குக் கால் வலிக்குதாம். தூக்கிக்கோங்க."

தூக்கிக்கொண்டான். அப்பாவின் தம்பி என்றால் சித்தப்பாதானே, அவன் சொன்னதிலிருந்துதானே எடுத்திருக்கிறாள், என்ன தப்பு? ஏதோ ஒன்று சொன்னால் போதும் என்று கேட்டவனும் அவன்தானே? இளமாறன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தப் புது வார்த்தையை மெல்லச் சொல்லிப் பார்த்தான், சித்தப்பா, சித்தப்பா, பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது, வீடு போகும்வரை விடமாட்டான். கதவைத் திறக்கும்போது புஷ்பலதா காதில் இதுதான் முதலில் விழும். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பாள்.