கோபத்தின் சொந்தக்காரர்

எங்கள் ஊரில் போலீஸ், பட்டாளம் என்று வேலைக்கு மெடிக்கல் டெஸ்டுக்குப் போகிறவர்கள், தங்களுக்கு எது குறைச்சலோ அதை வீட்டில் யாரிடமாவது வாங்கிக்கொண்டு போவார்கள். எதிர்வீட்டு மாரிசெல்வம் தன் சித்தப்பாவின் நெஞ்சை வாங்கிக்கொண்டு போய், ஐந்து சென்டிமீட்டர் விரித்துக் காட்டி போலீஸாகிவிட்டான். சித்தப்பா அந்த மூன்று நாளும் நெஞ்சு இல்லாமல் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். குடும்பத்துக்குள் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. வெளி ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் வழக்கம். மருமகள் குடும்பத்தில் சேர்த்தியா என்று கேட்டால், கொடுப்பதற்குச் சேர்த்தி.

என் கொழுந்தன் இசக்கிராஜ் விமானப்படையில் பைலட் ஆபீசர் ஆவதற்கு எழுத்துப் பரீட்சை, நேர்காணல் எல்லாம் முடித்துவிட்டான். மெடிக்கல் போர்டு மட்டும் பாக்கி. கால் நீளம் அவனுக்குச் சரியாக இருந்தது. காதுக்கு என் மாமியார் தன் காதைக் கொடுத்தார். மூன்று வீடு தள்ளிப் பேசுகிற ரகசியமும் விழுகிற காது அது. கண்தான் அவனுக்கு மைனஸ் மூன்று.

"முப்பிடாதி கண்ணு நல்ல கண்ணு. சோத்துல கெடக்க கல்ல எட்டு அடி தள்ளி நின்னே பாத்துருவா" என்றார் அத்தை.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் தரையைப் பார்த்தால் சரி என்று அர்த்தம் என்பது இந்த வீட்டில் எனக்கு முன்னாலேயே முடிவாகியிருந்தது.

இடது கண்ணை அத்தை எடுத்தார். வலது கண்ணை என் வீட்டுக்காரர் எடுத்தார். எவர்சில்வர் டப்பாவில் இளநீர் ஊற்றி அதில் போட்டு மூடினார்கள். இசக்கிராஜ் தன் கண்ணைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "பத்திரம் மதினி, கீழ கீழ போட்டுராதீங்க" என்றான்.

அவன் கண்ணைப் போட்டுக்கொண்டு நான்கு நாள் இருந்தேன். அந்தக் கண்ணுக்கு விளக்குமாறு தெரியவில்லை. ஈரத்துணி தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டும் செல்போனும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. என் மகள் கனிஷ்காவுக்கு அப்போது பதினோரு மாதம். மூன்றாம் நாள் காலையில் அவள் எழுந்து நின்று நான்கு எட்டு வைத்தாள் என்று சொன்னார்கள். ரோஸ் கலரில் ஏதோ ஒன்று பீரோவிலிருந்து கட்டில் வரைக்கும் நகர்ந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

"பிள்ள நடக்கா! பிள்ள நடக்கா!" என்று அத்தை கத்தினார். காது இல்லாததால் தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. காது இருக்கும்போதும் தெரியாது. தெருக்கோடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எல்லாம் நடந்து வந்து என் மகள் நடப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் இசக்கிராஜ் திரும்பி வந்தான். டப்பாவை மேஜை மேல் வைத்த வேகத்தில் இளநீர் தளும்பியது.

"மதினி, உங்க கண்ணு அங்க வந்து மானத்தை வாங்கிருச்சு."

"என்னல செஞ்சுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கடேசி வரி வரைக்கும் நல்லாத்தான் வாசிச்சுது. கலர் புள்ளிக்குள்ள இருந்த நம்பரு பூராவும் சொல்லியாச்சு. கண்ணு யாருதுன்னு கேட்டாங்க. என்னோடதுதான்னு சொன்னேன். ஒடனே செவந்துருச்சு. காத்தடிச்சு அளக்குற மிஷின்ல ப்ரஷரும் ஏறிப்போச்சு."

காகிதத்தில் இப்படி எழுதியிருந்தது: காது தகுதி. கால் தகுதி. கண்ணில் கோபம். தற்காலிகத் தகுதியின்மை. நாற்பத்திரண்டு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இடைப்பட்ட காலத்தில் கண்ணைச் சொந்த முகத்தில் வைத்து ஆற்றவும்.

அதனால் என் கண் எனக்குத் திரும்பி வந்தது. டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டதும் முதலில் மகளைத் தேடினேன். அவளுக்குக் கீழ்வரிசையில் பல் ஒன்று முளைத்திருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் எனக்குக் கோபம் வரும்படி நடந்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். இசக்கிராஜ் கட்டிலில் கிடந்த துணியை மடித்தான். அத்தை என்னிடம் போட வேண்டிய சத்தத்தை எல்லாம் சேர்த்துவைத்து, வாசலில் முருங்கைக்கீரையை மேய வருகிற ஆட்டிடம் போட்டார். தினமும் காலையில் டார்ச் அடித்து என் கீழிமையை இழுத்துப் பார்ப்பார்.

"இன்னைக்கு எப்படிம்மா?" என்று அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்பார். அவர்தான் காபி போட்டுக்கொண்டிருப்பார்.

"நேத்து மிளகா வத்தல் மாதிரி செவந்து இருந்துது. இன்னைக்குத் தக்காளிதான்."

அதைக் காலண்டரில் குறித்துவைத்தார்கள். வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தார்கள். விளக்கெண்ணெய் விட்டார்கள். உன் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார்களே தவிர, ஒருவரும் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. முப்பதாம் நாள் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. அன்று என் வீட்டுக்காரர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து அன்பாகச் சொன்னார்.

"இன்னும் பன்னெண்டு நாளுதான் முப்பிடாதி. அதுக்கப்புறம் பழையபடி இருந்துக்கிடலாம்."

மறுநாள் காலையில் அத்தை டார்ச்சை அணைத்துவிட்டு, "வத்தல்" என்றார்.

அதற்குப் பிறகு அது வெளுக்கவே இல்லை. நாற்பதாம் நாள் போர்டிலிருந்து கடிதம் வந்தது. கண்ணில் கோபம் தீராத பட்சத்தில் கோபத்தின் சொந்தக்காரரையும் உடன் அழைத்து வரவும் என்று அதில் இருந்தது. எனக்கும் சேர்த்து ரயிலில் டிக்கெட் போட்டார்கள். மகள் பால் குடிக்கிறவள், அதனால் அவளும் வந்தாள்.

போர்டு இருக்கிற ஆஸ்பத்திரியில் நீளமான வராந்தா. பெஞ்சு முழுக்கப் பையன்கள் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் அப்பாவின் முதுகெலும்பைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தான். நர்ஸ் கதவைத் திறந்து, "இசக்கிராஜ், கண்ணோட வாங்க. கோபத்தின் சொந்தக்காரர் யாரு?" என்றார்.

இசக்கிராஜ் டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினான். இளநீர் புதிதாக ஊற்றியிருந்தான்.

"கழட்டிப் போடுங்க மதினி. சீக்கிரம்."

"மாட்டேன்" என்றேன்.

என் சத்தம் அடுப்படியைத் தாண்டாது என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வராந்தாவில் அது என் உதட்டையே தாண்டவில்லை.

"என்னது?" என்றான்.

இரண்டாம் தடவை சொல்லவில்லை. மகளைத் தூக்கி அவன் கையில் கொடுத்தேன். டப்பாவைக் கீழே வைத்தால்தான் அவளை வாங்க முடியும். கீழே வைத்தான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

உள்ளே யூனிபார்ம் போட்ட டாக்டரம்மா இருந்தார். தோளில் பட்டை. தமிழ் பேசினார்.

"கோபம் உங்களோடதா?"

"ஆமாங்க."

"சொந்தமா, இரவலா? சில பேர் அம்மாவோட கோபத்தை வாங்கிட்டு வருவாங்க. அது செல்லாது."

"சொந்தம்."

"எத்தனை நாளா இருக்கு?"

"கல்யாணமாகி மூணு வருஷமா. கொஞ்சம் அதுக்கு முன்னாடியும்."

அதை எழுதிக்கொண்டார். பிறகு, "கண்ணு உங்க முகத்துலயே இருக்கட்டும், கழட்ட வேண்டாம்" என்று சொல்லி, பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். எட்டாவது வரைக்கும் படித்த இங்கிலீஷ் எழுத்து மறக்கவில்லை. கடைசி வரியை வாசித்தேன். அதற்குக் கீழே அச்சுக்கூடத்தின் பெயர் எறும்பு மாதிரி இருந்தது, அதையும் வாசித்தேன். காற்று அடிக்கிற மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார். சுரீரென்று அடித்தது.

"இமைக்கலையே நீங்க?"

"பிள்ள கட்டில் ஓரத்துல உருளும்போது இமைக்க முடியாதுங்க. பழகிப்போச்சு."

ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, பக்கவாட்டில் விளக்கு மினுங்கினால் பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். பேப்பர் வெளியே வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதுகுக்குப் பின்னாடி வர்றதுக்கும் அழுத்தியிருக்கீங்க."

"பின்னாடியும் எரிஞ்சுதுங்க. அங்க ஒரு ஸ்டூலு சரிஞ்சு நிக்கி. பிள்ளைங்க வந்தா மேல விழுந்துரும்."

அவர் எழுந்து போய் ஸ்டூலை நேராக வைத்துவிட்டு வந்து, என்னைச் சுவரோடு உட்காரவைத்துக் கால் அளந்தார். நூற்றிரண்டு சென்டிமீட்டர். தொடை அளந்தார். இருபது அடி தள்ளி நின்று ஏதோ முணுமுணுத்தார். "கோபத்தைக் கையில வச்சுக்கங்க, தலைக்கு ஏத்தாதீங்க, மேல போனா ப்ரஷர் மாறும்" என்று காதில் விழுந்தது. திருப்பிச் சொன்னேன். சரி என்று முத்திரை குத்தினார்.

வெளியே இசக்கிராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கனிஷ்கா அவன் மடியில் இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸா மதினி?"

"பாஸ்."

"அப்பாடா! எனக்கு எப்போ சேரணுமாம்?"

காகிதத்தை அவனிடம் கொடுத்தேன். அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோயும் அதிலிருந்த என் பெயர் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் வாங்கி வாசித்தேன். "முப்பிடாதி. கண் தகுதி. கோபம் சொந்தம், தகுதி. ஜனவரியில் பயிற்சியில் சேரவும். குரல் குறைவு, அணிவகுப்பு மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்க வேண்டும். குடும்பத்துக்குள் இரவல் வாங்கிக்கொள்ளலாம்."

அவன் ரயிலில் ஊர் வந்து சேரும் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். வெளியே ஒன்றும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டில் அத்தை தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். "அவனுக்குக் கேட்டா ஒனக்கா குடுத்தானுவ? பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு வானத்துல போயி என்ன செய்யப் போற? பிள்ளைய யாரு பாப்பா? ஒலை யாரு வைப்பா?" ஆடு வாசலைவிட்டு ஓடியது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்து, நாற்பத்திரண்டு நாள் முடிந்துவிட்டதால், தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கையை நக்கிக்கொண்டிருந்தார்.

நான் தரையைப் பார்க்கவில்லை. எவர்சில்வர் டப்பாவை நன்றாகத் துலக்கித் துடைத்து, அத்தையின் முன்னால் வைத்தேன்.

"அத்தை, உங்க சத்தம் வேணும். பயிற்சி முடியுற வரைக்கும்."

அத்தை வாயைத் திறந்தார். குடும்பத்துக்குள் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டு அதை எடுத்து, ஒருமுறை முந்தானையில் துடைத்து, டப்பாவில் வைத்தார். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. போட்டுக்கொண்டேன்.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, "ஏய்" என்று ஒரு தடவை கூப்பிட்டேன்.

மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் கையில் தட்டு இருந்தது.