ஏழாவது மணியோசைக்குப் பின்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கைதட்டியதில் பிறந்தது.

வட ஜப்பானின் ஹச்சினோஹே நகர விளையாட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடற்பறவை முகமூடி அணிந்த மல்யுத்த வீரன் ஒருவன் மூலைக் கம்பத்தின் மேலேறிக் கரணம் போட்டுப் பாய்ந்தான். எழுநூறு பேரோடு சேர்ந்து நானும் எழுந்து நின்று தட்டினேன். அந்த முகமூடியை ஆறு வருடமாகத் தொடர்ந்து பார்த்து வந்தவன் நான். அன்று அதற்குள் இருந்தது வேறு ஆள் என்பது எனக்குத் தெரியவில்லை. கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. உண்மையான ஆள் கழுத்தில் பட்டையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தக் கைதட்டலைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் இசோகாய் மசாச்சிக்கா. ஷியோகாசே என்ற சின்னக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் சண்டை போட்டவர். இந்த ஊருக்கு வந்து இருபத்தோரு வருடமாகிவிட்ட நான் அவரை நேரில் சந்தித்தது அதற்கெல்லாம் பிறகுதான். தட்டியதற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். போனவன் கதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"கோடையிலும் குளிரும் கடற்காற்றில், தோற்றுப்போன வயதான மல்லன் ஒருவன் தனியாக"

இந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். நான் ஜப்பானிய மொழியில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்; அவர் கணவாய் வறுவலைத் தின்றுகொண்டிருந்தார்.

"எழுத்தாளரே, எனக்கு நாப்பத்தி மூணு. இதுல வயசானவன் யாரு?"

அந்த வரியை அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கத்தில் 'தோற்றுப்போன' என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்தேன். அதை அவர் ஆட்சேபிக்கவில்லை. தோற்றது உண்மை, எத்தனையோ தடவை தோற்றிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

2

அவருடைய உயரம் நூற்று அறுபத்தேழு சென்டிமீட்டர். பயிற்சிக்கூடத்தில் சேர நூற்று எண்பது வேண்டும். இரண்டு வருடம் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது வருடம் திரும்பிப் போகாமல் வாசற்கதவுக்கு வெளியே நின்று தோப்புக்கரணம் போல உட்கார்ந்து உட்கார்ந்து எழ ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் எண்ணினார்கள். ஆயிரத்து இருநூறாவது தடவை பயிற்சியாளர் கதவைத் திறந்து, உள்ளே வந்து அரிசி கழுவு என்றார்.

[அது ஐந்நூற்றைம்பது. ஆயிரத்து இருநூறு என்பது பத்திரிகைக்காரர் ஏற்றியது. திருத்தச் சொன்னவர் இசோகாய்தான். "ஐந்நூத்தம்பதே போதும்யா, காலு ரெண்டும் போயிருச்சு" என்றார். இரண்டையும் விட்டுவைக்கிறேன்.]

நூறு கிலோவுக்குக் கீழே இருப்பவர்களை ஜூனியர் ஹெவிவெயிட் என்பார்கள். இசோகாய் எண்பத்து நான்கு. இந்த ஜூனியர்கள்தான் பறப்பார்கள், கரணம் போடுவார்கள், கூட்டத்தைச் சூடாக்குவார்கள். சூடான பிறகு நூற்று இருபது கிலோ மனிதர்கள் வந்து கடைசி ஆட்டத்தை ஆடுவார்கள். சுவரொட்டியில் பெரிய முகம் அவர்களுடையது. இருபத்திரண்டு வருடத்தில் இசோகாய் ஒரு தடவைகூடக் கடைசி ஆட்டம் ஆடியதில்லை. ஜூனியர் பட்டத்தை நான்கு தடவை வென்றபோதும், பட்டத்தின் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து பெரியவர்களின் ஆட்டத்தைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

இரண்டு வருடம் மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் முகமூடியைக் கொடுத்தார்கள். இந்த ஊர்த் தீவில் கூட்டமாக முட்டையிடும் பறவையின் முகம் அது, மஞ்சள் அலகோடு. முகமூடிக்குக் கூட்டம் வந்தது. முகத்துக்கு வரவில்லை. சந்தையில் மீன் வாங்கும்போது அவரை யாருக்கும் தெரியாது. அது தனக்குப் பிடித்திருந்தது என்றார். அதை நான் நம்பவில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

3

மொரியோக்காவில் ஓர் ஆட்டம். எதிராளியின் கை வியர்வையில் வழுக்கியது. இசோகாய் தலைகீழாக விழுந்தார்.

இந்தத் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைக்கப்படும். விழுவதைப் பேசி வைக்க முடியாது. தரை தரைதான்.

நாற்பது நிமிடம் இரண்டு கைகளிலும் உணர்வில்லை. பிறகு மெல்லத் திரும்பியது. இன்னொரு முறை இப்படி விழுந்தால் திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சொன்னார். மூன்றாவது வாரம் கம்பெனி முகமூடியை நுகாகா என்ற இருபத்து நான்கு வயதுக்காரனுக்குக் கொடுத்துவிட்டது. நான் கைதட்டியது அவனுக்குத்தான்.

மறுநாளே நுகாகா ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலருகே தரையில் நெற்றி படக் குனிந்தான்.

"அண்ணே, நான் கேக்கல. முதலாளிதான் போட்டுக்கன்னு குடுத்தாரு."

"கரணம் போடுறப்ப உனக்கு இடது தோள் எறங்குது. சரி பண்ணிக்க."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

இசோகாய் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "முகமூடியக் கையால தொவை. மெஷின்ல போட்டா அலகு சுருங்கிரும்."

நுகாகா போன பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார் என்று எழுதியிருந்தேன். அழுதிருந்தால் எழுதுங்கள், அழவில்லை என்றார். அவர் மனைவி ஹிசாயோவிடம் கேட்டேன். கணவாய் ஏலம் நடக்கும் துறைமுகச் சந்தையில் வேலை பார்ப்பவர், ஏலக்காரர்களே அவர் வாய்க்குப் பயப்படுவார்கள். "அழல. சோத்துத் தட்டத் தூக்கி எறிஞ்சான். நர்ஸ்கிட்ட நான்தான் மன்னிப்புக் கேட்டேன்" என்றார்.

4

(இந்தப் பகுதி பத்தொன்பது மாத சிகிச்சையைப் பற்றியது. மூன்று பக்கம் எழுதியிருந்தேன். கையைத் தூக்கத் தூக்கப் பக்கம் நீண்டதே தவிர, நல்ல வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. எடுத்துவிட்டேன்.)

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஹிசாயோவின் அண்ணன் ஐஸ் தொழிற்சாலையில் இசோகாய்க்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஹிசாயோ அதற்கான காலணிகளைக்கூட வாங்கி வாசலில் வைத்துவிட்டார். இசோகாய் அந்தக் காலணிகளைப் போட்டுக்கொண்டு நேராகக் கம்பெனிக்குப் போனார்.

முதலாளி சுகாவா அவரை அன்பாகத்தான் வரவேற்றார். ஒரு யோசனை சொன்னார். இசோகாய் முகமூடி இல்லாமல், சொந்தப் பெயரில், கடற்பறவையோடு மோத வேண்டும். தோற்க வேண்டும். அதன் பிறகு விடைபெறும் சடங்கு. நடு மேடையில் வீரர் நிற்க, பத்து முறை மணி அடிப்பார்கள். பத்தாவது மணியோடு அவர் வாழ்க்கையில் மல்யுத்தம் முடிந்தது என்று பொருள். அதற்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு நாற்காலி.

"கடைசி ஆட்டமா?" என்று கேட்டார் இசோகாய்.

"ஆமா. உன் கடைசி ஆட்டம்."

"அன்னைக்கு நடக்கிறதுலயே கடைசி ஆட்டமா? பெரியவங்களுக்குப் பின்னாடியா?"

"அப்படியே வெச்சுக்கலாம். அவ்வளவு செஞ்சிருக்கியே."

"சரி" என்றார் இசோகாய்.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. அந்த 'சரி' எதற்கு? சுகாவாவுக்கு அது விடைபெறுவதற்கான சம்மதம். நான் நேராகவே கேட்டேன்: அப்போதே தீர்மானித்துவிட்டீர்களா, பொய் சொன்னீர்களா? கடைசி ஆட்டத்துக்குச் சரி என்றேன், வேறெதற்கென்று சுகாவா கேட்கவில்லை என்றார். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. நல்லவர்களைப் பற்றி மட்டும் கதை எழுதுவதென்றால் இந்தப் பத்தியை நீக்கியிருப்பேன்.

5

ஆட்டம் இருபத்தோரு நிமிடம்.

முதல் பத்து நிமிடம் மோசம். நுகாகா அவரைத் தொடவே பயந்தான். தூக்கினால் கண்ணாடிச் சாமானைப் போல இறக்கி வைத்தான். கூட்டம் முணுமுணுத்தது. இசோகாய் அவன் தலையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு காதருகே பேசினார். என்ன பேசினார் என்பதை நுகாகாதான் பின்னால் சொன்னான்.

"தொட்டில்ல போட்டு ஆட்டுறியா என்னை? தூக்கிப் போடுடா."

"கழுத்துண்ணே."

"என் கழுத்து. உன்னுது இல்ல."

அதற்குப் பிறகு நுகாகா தூக்கிப் போட்டான். ஒவ்வொரு முறை இசோகாயின் முதுகு தரையில் அறைந்தபோதும் முன்வரிசையில் ஹிசாயோவின் தோள்கள் ஏறி இறங்கின. பதினெட்டாவது நிமிடம் இசோகாய் மூலைக் கம்பத்தில் ஏறி, முகமூடி இல்லாத முகத்தோடு, தானே உண்டாக்கிய அந்தக் கரணத்தைப் போட்டார். அப்போதுதான் கூட்டத்துக்குப் புரிந்தது. ஆறு வருடம் தாங்கள் பார்த்த தோள் அது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. இந்த முறை தட்ட மறந்துவிட்டேன்.

பிறகு அவர் தோற்றார். பேசி வைத்தபடி, நடுவரின் கை மூன்று முறை தரையில் அறைய, நேர்மையாகத் தோற்றார்.

விளக்குகள் மங்கின. நடு மேடையில் நின்றார். சந்தையின் ரப்பர் காலணியோடே வந்திருந்த ஹிசாயோ மலர்க்கொத்தை ஏந்தி அவர் அருகில் நின்றார். ஒன்று. இரண்டு. மூன்று. ஆட்கள் அழ ஆரம்பித்தார்கள். நான்கு. ஐந்து. ஆறு. எனக்குப் பக்கத்திலிருந்த லாரி ஓட்டுநர் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழு.

இசோகாய் நடந்தார். கயிறுகளுக்கிடையே குனிந்து, மேடையோரத்தில் இருந்த மணியின் மேல் கையை விரித்து வைத்தார். மணியடிப்பவரால் சுத்தியலை நிறுத்த முடியவில்லை. எட்டாவது அடி அவர் விரல்களில் விழுந்தது. மொத்தென்று ஒரு சத்தம். கையை எடுக்கவில்லை.

மறு கையால் ஒலிவாங்கியை வாங்கினார்.

"தோக்கச் சொன்னீங்க, தோத்துட்டேன். அது என் தொழில். இத எப்ப நிறுத்துறதுங்கறத நான் சொல்றேன். இன்னைக்கு இல்ல."

[எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அப்படி நடக்கவில்லை.]

கொஞ்சம் பேர் கத்தினார்கள். அழுதவர்களுக்குத்தான் கோபம். எங்கள் கண்ணீரைத் திருப்பிக் கொடு என்று பின்னாலிருந்து ஒருவர் கூவினார். சுகாவா மேடைக்குக் கீழே முகம் வெளிறி நின்றார். ஏமாற்றப்பட்டவரின் முகம், அதையும் நான் பார்த்தேன். ஹிசாயோ மலர்க்கொத்தை வீசவில்லை. தரையில் பதமாக வைத்துவிட்டு, படியிறங்கி, கணவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

இசோகாயின் இரண்டு விரல்கள் முறிந்திருந்தன.

6

அடுத்த வாரமே கம்பெனி அவரை நீக்கியது. வடக்கே உள்ள எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹிசாயோ பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. கோதுமை அப்பளத்தை உடைத்துப் போட்ட சூப்பைத் தினமும் வைத்துவிட்டு மட்டும் போனார். பன்னிரண்டாம் நாள் பேசினார்.

"கழுத்துல பட்டை கட்டாம மேடை ஏறினா, வீட்டுப் பக்கம் வராத."

அதைச் சம்மதம் என்று எழுதினால் ஹிசாயோ என்னைத் தொலைத்துவிடுவார். அது நிபந்தனை.

மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு இசோகாய் சொந்தமாக ஆரம்பித்தார். திருவிழா மைதானங்கள், பள்ளிக்கூட முற்றங்கள், பேரங்காடிகளின் வண்டி நிறுத்துமிடம். முதல் ஆட்டத்துக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள், அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். எந்த நாளிலும் கடைசி ஆட்டம் ஜூனியர்களுடையது. நூறு கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் முதலில் ஆடிவிட்டுப் போகலாம் என்று சுவரொட்டியிலேயே அச்சடித்தார்.

இந்த வருடம் நுகாகா வந்து சேர்ந்தான். தோள்பட்டை விலகி அவன் படுத்திருந்தபோது கம்பெனி முகமூடியை மூன்றாவது ஆளுக்குக் கொடுத்துவிட்டது. கூட்டம் இப்போதும் எழுந்து நின்று தட்டுகிறதாம்.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் இசோகாய் மோசமாக விழுகிறார். இதை அவரிடம் வாசிக்க எனக்குத் துணிவில்லை. அவரே காகிதத்தை இழுத்துப் பார்த்து, நடக்கலாம் என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவதில் ஒரு நல்ல நாளில், எல்லாரும் கூடியிருக்க, அவரே மீதி மூன்று மணியையும் அடித்து விடைபெறுகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு பாக்கி இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

மூன்றாவது ஹிசாயோ சொன்னது. "ஐஸ் தொழிற்சாலைக்குப் போறான். மூணு வேளை சாப்பிடுறான். எழுபத்தஞ்சு வயசுல தூக்கத்துல செத்துப் போறான். அதுல என்ன கேவலம்? நீங்க எழுதுற கதையில ஒருத்தன்கூட அப்படிச் சாகறதில்லையே, ஏன்?"

அந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இசோகாய் அதற்குள் எழுந்து போய்க் கொல்லையில் உட்கார்ந்து எழ ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். அவர் சார்பில் ஒரே ஒரு வேண்டுகோள்: பாவம் பார்த்து எதையும் எழுதாதீர்கள். தோற்கடிக்க வேண்டுமானால் தோற்கடியுங்கள், தாங்குவார்.

இதை எழுதிக்கொண்டிருப்பது மீன் சந்தையின் வண்டி நிறுத்துமிடத்தில், மடக்கு நாற்காலியில். ஞாயிறு, மதியம் மூன்று. நூற்றுப் பத்துப் பேர் இருக்கலாம். பெரிய உடம்புக்காரர்கள் ஆடி முடித்துவிட்டார்கள். நுகாகா மேடையில் நிற்கிறான், சொந்த முகத்தோடு. பக்கத்து நாற்காலியில் ஹிசாயோ, மடியில் டாக்டரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டு. இசோகாய் கழுத்துப் பட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு எங்களைக் கடந்து போகிறார். நின்று, என் நோட்டைப் பார்க்கிறார்.

"தலையக் குனிஞ்சு எழுதிட்டே இருந்தா எப்பப் பாப்பீங்க எழுத்தாளரே? மூடுங்க அத."

ஆட்டம் தொடங்கப் போகிறது. மூடுகிறே