தூரத்தை இழுக்கிற கேமரா

பச்சியப்பன் கேமரா வாங்கப் போனார் என்றால் கடத்தூரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கச் சொன்னாலே பந்திக்கு நழுவிவிடுகிற ஆள். ஆனால் தர்மபுரியில் ஒரு போட்டோ கடைக்குள், செருப்பை வெளியே விட்டுவிட்டு, அன்று அவரேதான் நின்றுகொண்டிருந்தார்.

"சட்டைப் பையில அடங்கற மாதிரி சின்னதா வேணும்மா. யாரு கண்ணுக்கும் படக்கூடாது."

"இப்பல்லாம் போன்லயே எடுத்துக்கறாங்களே ஐயா," என்றாள் கடைக்காரப் பெண் நிர்மலா.

"போன்ல எட்ட இருக்கறது கலங்கலா வருது. மூஞ்சி தெரியல."

"எவ்வளவு தூரங்க?"

"ஒரு ஏரிக்கு அந்தப் பக்கம்."

"என்ன எடுக்கப் போறீங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். "கொக்கு," என்றார்.

நிர்மலா விடவில்லை. ஒரே இடத்தில் நிற்குமா, ஓடுமா என்று கேட்டாள். "இப்பத்தான் நடக்கப் பழகுதாம். எங்க நிக்கப்போவுது?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கொக்கைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை, அது அவள் பெரிய மனசு.

அவர் மகள் பூவிழி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு அதியமான்கோட்டையில் குடியிருந்தாள். 'இனி உன் வூட்டு வாசலை மிதிச்சா நான் மனுசனே இல்ல' என்று ஊர் கூடிய இடத்தில் கத்தியவர் இவர்தான். கத்திவிடலாம், அப்புறம் அந்த வார்த்தையோடு குடித்தனம் நடத்த வேண்டுமே! பேத்தி பிறந்த சேதி யார் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. பெயர் என்னவென்று கேட்கக்கூட வீம்பு விடவில்லை. அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று மனுசர் தவித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சாலம்மாள் படுக்கும்போதெல்லாம் கேட்பதும் அதுதான்: "புள்ள யாரு சாடைங்க இருக்கும்?"

நிர்மலா இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தாள். ஒன்றில் கண்ணை வைத்துப் பார்க்கச் சின்ன ஓட்டை உண்டு, ஆனால் தூரத்தை அவ்வளவாக இழுக்காது. மற்றது நன்றாக இழுக்கும், பின்னால் திரை மட்டும்தான்.

"வெயில்ல திரை தெரியாதுங்க ஐயா. வெளிய எடுக்கறதுன்னா ஓட்டை வச்சதுதான் தோது."

அவர் இரண்டாவதைக் கடை வாசலில் பிடித்துப் பார்த்தார். எதிர்ச்சாரியில் பூக்காரம்மா கட்டிய சரத்தில் ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. "இதான்மா வேணும்," என்றார். ஆசை வந்துவிட்டால் யார் பேச்சு காதில் ஏறும்?

மறுநாள் உச்சிப்பொழுதில், மருமகன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ஏரிக்கரையில் போய் நின்றார். எதிர்க்கரையில் பூவிழியின் வீடு. வாசலில் சின்னதாக ஏதோ அசைந்தது. அவசரமாகக் கேமராவைத் தூக்கினால், திரையில் அவர் முகமே கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தது. கையால் மறைத்தார், அப்படி இப்படித் திருப்பினார், ஒன்றும் பலிக்கவில்லை. வந்தது வரட்டும் என்று வீட்டுப் பக்கம் குறிவைத்து அமுக்கத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் பெரிய ரோட்டில் லாரிகள் இரைந்துகொண்டே இருந்தன. திரையில் ஒரு நிழலாவது தெரியாதா என்று குனிந்த தலை நிமிராமல் அமுக்கிக்கொண்டிருந்தார். களைத்துப்போய் நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து, உள்ளறையில் சாலம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். வெறும் வானம். கூரை ஓடு. தண்ணீர். அப்புறம், தப்பாமல் நடுவில், குழந்தை.

"அப்படியே உங்க மூக்குங்க!" என்று சாலம்மாள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த படத்தில் பூவிழி வாசலுக்கு வந்து, நெற்றிக்கு மேல் கையை வைத்து இந்தப் பக்கம் பார்த்தாள். அதற்கடுத்ததில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை வந்திருந்தாள். அப்புறம் குழந்தையின் கையைப் பிடித்து உயர்த்தி ஆட்டியபடி, வாய் திறந்திருக்க நின்றாள். இன்னும் இரண்டு படத்தில் அதே நிலை. பிறகு அவள் முதுகு. பிறகு வெறும் வாசல்.

சாலம்மாளின் அழுகை நின்றுவிட்டது.

"கூப்புட்டிருக்காளேங்க. தண்ணி வரைக்கும் வந்து கூப்புட்டிருக்கா. நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

பச்சியப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போட்டோ எடுத்துட்டிருந்தேன்," என்றார்.