விறைப்பான கயிறும் ஆர்வில் டீக்கும்

ரோடியோ என்கிற கௌபாய் விளையாட்டில் ஜோடியாகக் கயிறு வீசும் போட்டி உண்டு. அதில் குதிரையில் முன்னே போகிறவர் மாட்டின் கொம்பில் சுருக்குப் போடுவார். பின்னால் வருகிறவர் பின்னங்கால்களைப் பிடிப்பார். முன்னவர் தவறவிட்டால் பின்னவர் பேசாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு வரவேண்டியதுதான். பதினெட்டு வருஷமாக அப்படித் திரும்பி வருகிறவன் நான். என் முன்னவர் ஆர்வில் டீக்.

இந்த ஜூலை சனிக்கிழமை பிடித்துவிட்டால் டெக்சஸ் மாநில இறுதிப்போட்டி. தவறினால் எனக்கு அத்தோடு சரி. என் இடுப்புக்கு இந்த வருஷத்துக்கு மேல் சவாரி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று காலையில் கயிறு விற்கும் நடீனின் கடைக்குப் போனோம். ஆர்வில் இருபது கயிறுகளை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிக் கேட்டார், ஏதோ அவை சாட்சி சொல்லப்போகிற மாதிரி.

"உங்க கைக்கு இளக்கமான கயிறுதான் சரி," என்றாள் நடீன். "விறைப்பா இருந்தா கொம்புல பட்டுத் துள்ளிடும்."

"இளக்கம்லாம் பச்சப்புள்ளைங்களுக்கும்மா. சாம்பியன் பூரா விறைப்புதான் வீசறான்."

"அவன் வீசறான். நீங்க எறியறீங்க."

வாசலில் வைக்கோல் கட்டில் செருகிய பிளாஸ்டிக் மாட்டுத்தலை. வாங்குமுன் வீசிப் பார்க்கலாம். ஆறு வீச்சிலும் ஆர்வில் பிடித்தார்.

"பாத்தியாடா லைல்?"

"அது ஓடாதுண்ணே," என்றேன்.

இருப்பதிலேயே விறைப்பானதை வாங்கினார். ஊர் பார்க்கட்டும் என்று வண்டியின் முன்கண்ணாடியோரம் வைத்தார். மைதானத்தில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு, தான் நிழலில் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் நாலு மணிநேரம் விறைப்பின் மகிமையைப் பிரசங்கித்தார்.

எங்கள் முறை வந்தது. மாடு பாய்ந்தது. ஆர்வில் வீசினார், சுருக்கு ஈரத்துணி போலக் கொம்பில் படிந்தது. நான் இரண்டு கால்களையும் பிடித்துவிட்டேன். ஏழு விநாடி சொச்சம். இறுதிப்போட்டிக்குப் போகிறோம்!

"விறைப்புன்னா விறைப்பு!" என்று கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார் ஆர்வில்.

வேலியோரம் நின்ற நடீன் கயிற்றை வாங்கி அழுத்திப் பார்த்தாள். "எங்கய்யா விறைப்பு? வெயில்ல வெந்து நூடுல்ஸ் ஆயிருக்கு. நான் எடுத்துக்கச் சொன்ன இளக்கக் கயிறு இப்படித்தான் இருந்துச்சு."

ஆர்வில் கயிற்றைத் திரும்ப வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "பின்ன அதை எதுக்குக் கண்ணாடிகிட்ட வச்சேன்னு நெனச்ச?"

இறுதிப்போட்டி டிசம்பரில். அந்தக் குளிரில் எந்தக் கயிறும் வேகாது. ஆர்வில் கூட்டத்தோடு கைகுலுக்கப் போனதும், இருப்பதிலேயே இளக்கமான கயிறு ஒன்றை எடுத்துவைக்கும்படி நடீனிடம் சொன்னேன். மேலே "விறைப்பு" என்று சீட்டு ஒட்டச் சொல்லி.