நாக்கு நுனியில் மூன்று தடவை

என் தங்கை பட்டாணிக்கு ஏழு வயது. வலிப்பு வந்தால் நின்ற இடத்திலேயே விழுவாள். எழுந்ததும் யார் தள்ளியது என்று சண்டைக்கு வருவாள். எந்த மருந்துக்கும் கேட்காமல் போனபிறகு, ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே பாதிப் பிள்ளைகளுக்குப் புது மருந்து. மீதிப் பாதிக்கு அதே நிறத்தில், அதே வாசனையில் வெறும் இனிப்புத் தண்ணீர். புட்டியின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண்ணில் எது என்பது மூன்றாவது மாடியில், ஒட்டிய உறைக்குள் இருந்தது. உறையைத் திறந்தால் அந்தப் பிள்ளை ஆராய்ச்சியிலிருந்து வெளியே. ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் புது மருந்து உண்டு. அந்த ஆறு மாதத்தைத்தான் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டருக்கே தெரியாத மருந்தா? அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்றார் அப்பா.

அப்பா பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர். எதையும் தானே பார்த்தால்தான் நம்புவார். முதல் வாரமே, அம்மா வேலைக்குப் போன நேரத்தில், மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார். முகம் தொங்கிப்போனது.

"இனிக்குது. நம்ம பிள்ளைக்குத் தண்ணியைத்தான் குடுத்துட்டாங்க."

அம்மாவின் தங்கை, சித்தி, எங்களோடு தங்கியிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இல்ல மாமா, கடைசியில லேசா கசக்குது" என்றாள்.

"கசக்குதா? எங்க, இன்னொரு வாய் பாக்கறேன்."

இப்படி வாரம் தவறாமல் விசாரணை நடந்தது. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

மாதம் முடிந்து புட்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள். காலை வேளை மருந்தைக் கொடுத்துவிட்டு அம்மா குளிக்கப் போனாள். அப்பா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இருபது மில்லி மிச்சம் இருக்க வேண்டும். அடியில் ஏதோ ஈரம் தெரிந்தது, அவ்வளவுதான். குழாயடிக்குப் போய், கண்ணளவாகத் தண்ணீர் சேர்த்தார்.

பட்டாணியோடு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆராய்ச்சிப் பிரிவின் நர்ஸம்மா மிச்சத்தை அளவுக் குடுவையில் ஊற்றி, குனிந்து பார்த்தார். "முப்பத்திரண்டு. ரெண்டு மூணு வேளை குடுக்கவே இல்ல போலிருக்கே?"

"குடுக்கலையா?" அம்மா நோட்டைப் பிரித்தாள். "ஐம்பத்தாறு வேளைம்மா. ஒண்ணுகூட விடல. பாருங்க, எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கேன்."

"டிக் யார் வேணா போடலாம். மருந்து ஒழுங்காக் குடுக்காத பிள்ளைய நாங்க வச்சுக்க முடியாதும்மா."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவுக்கு அது மட்டும் தாங்காது.

"அது வந்து... நான்தான் கொஞ்சம் தண்ணி ஊத்துனேன்."

"தண்ணியா? எப்ப?"

"இன்னிக்குக் காலையில. பிள்ளை குடிச்சதுக்கு அப்புறம்தான்."

"எதுக்கு?"

"குறைஞ்சிருந்துச்சு."

"ஏன் குறைஞ்சுது?"

அப்பா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "ருசி பாத்தேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும்."

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் பெயின்ட்டே உரிந்திருக்கும். பாவம் பார்த்துச் சித்தி நடுவில் புகுந்தாள். "அவரை மட்டும் திட்டாதீங்க. நானும்தான் பாத்தேன்."

நர்ஸம்மாவின் கண் சித்தியின் வயிற்றில் போய் நின்றது. உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"எவ்வளவு குடிச்சீங்க?"

"நாக்கு நுனியில மூணு தடவை."

"கர்ப்பிணிகளுக்கு இதை இன்னும் குடுத்துப் பாக்கவே இல்ல" என்றார் டாக்டரம்மா.

அம்மா எழுந்துவிட்டாள். "உறையைத் திறந்துடுங்க டாக்டர்."

"திறந்தா பிள்ளைய ஆராய்ச்சியில இருந்து எடுத்துடணும். தெரியுமில்ல?"

"தெரியும். திறங்க."

"வேணாங்க்கா!" என்றாள் சித்தி.

"நீ வாயை மூடு. அதை அன்னிக்கே மூடியிருந்தா இந்த வினையே இல்ல."

டாக்டரம்மா கையமர்த்தினார். "உறை தேவையில்ல. உண்மையான மருந்துன்னே வச்சுக்குவோம். இந்த மூணு சொட்டுக்குப் பயப்பட வேண்டாம்னுதான் நினைக்கிறேன். ஆனா இன்னிக்கே ஸ்கேன் பாத்துடலாம்."

ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். சித்தி வெளியே வந்து, "நல்லா இருக்காம். உள்ள உதைச்சுக்கிட்டே இருக்கு" என்றாள். அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். மாதம் பதினொன்று வந்த வலிப்பு இந்த மாதம் நான்கு. "பிள்ளைக்கு மருந்து சரியாத்தான் போயிருக்கு. நடந்ததை எழுதி மேல அனுப்பிடறேன், அவ தொடரலாம். ஆனா அவளும் சம்மதிக்கணும். என்ன பாப்பா, இன்னும் குடிக்கிறியா?"

பட்டாணி எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"வேணாம் வேணாம்னு சொன்னது நான் ஒருத்திதான். ஆனா வீட்ல எல்லாரும் குடிக்கிறாங்க" என்றாள். "இனிமே குடிக்க மாட்டேன்னு அப்பா எழுதிக் குடுக்கட்டும். அப்ப நான் குடிக்கிறேன்."

நர்ஸம்மா ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அப்பா மேசையில் கவிழ்ந்து, பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதிக் கொடுத்தார். பட்டாணி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, தாளைச் சித்தி பக்கம் தள்ளினாள்.

"கீழ இடம் இருக்கு" என்றாள்.