தொடச் சொன்ன வகுப்பும் தொடாதே என்ற வகுப்பும்

அந்தக் கல்லூரியின் மாலை வகுப்பில் கம்ப்யூட்டருக்குப் பயந்த ஒரே ஆள் சிறைக் காவலர்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நாள் முழுக்கச் சிறை வாசலில் நின்று, கைதிகளைப் பார்க்க வரும் பெண்களைச் சோதனை போட்டு அனுப்புகிறவர். கொண்டைக்குள் சிம் கார்டை ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மவுஸை மட்டும் யாராவது சொன்னால்தான் தொடுவார். வகுப்பில் எல்லோரும் அவரை வார்டன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

சிறை அலுவலகத்தில் வழக்குக் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று காலியாக இருந்தது. முழுக்கப் பகல் வேலை, இப்போது மாதிரி இரவுக் காவலுக்குப் போக வேண்டாம். கிடைத்துவிட்டால் மகள் படுக்கப் போகும்போது அம்மாவும் வீட்டில் இருக்கலாம். அதற்குக் கம்ப்யூட்டர் அறிமுகம், குற்றவியல் நீதி அறிமுகம் என்று இரண்டு படிப்பிலும் தேற வேண்டும். போன தடவை கம்ப்யூட்டரில் கோட்டை விட்டார். இந்தத் தடவையும் விட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு வகுப்பும் நேர் எதிராகப் பேசின. கம்ப்யூட்டர் டீச்சர், "தொடுங்க அக்கா, ஒண்ணும் ஆகாது" என்று தினமும் கெஞ்சுவார். அடுத்த அறையில், துப்பறியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சார், "எதையும் தொடாதீங்க. சம்பவம் நடந்த இடத்துல கை வைக்கிறவன்தான் கேஸைக் கெடுக்கிறவன்" என்று மேசையைத் தட்டுவார். பாவம், அக்கா என்ன செய்வார்? அறை மாறினாலும் மூளை மாறவில்லை. ஒருநாள் திரையில் ஏதோ எச்சரிக்கை வந்ததும் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். பிரிண்டரில் காகிதம் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியில் இரண்டு படிப்புக்கும் சேர்த்து ஒரே வேலை கொடுத்தார்கள். கற்பனையான ஒரு கடைத் திருட்டுக்கு விசாரணை அறிக்கை தயாரிக்க வேண்டும். விசாரணைக்குச் சார் மதிப்பெண் போடுவார், தட்டச்சுக்கு டீச்சர் போடுவார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தி, படாத பாடு பட்டு அக்கா முடித்தார். கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் சேமித்ததைத் தினமும் அழித்துவிடுவார்கள். ஆகவே அறிக்கை ஒரே ஒரு பென்டிரைவில் இருந்தது. நகல் எடுத்து வைக்கும்படி டீச்சர் சொல்லியிருந்தார்தான். நகல் எடுக்கவும் தொட வேண்டுமே!

சமர்ப்பிக்க வேண்டிய நாளில், வேலை முடிந்து பென்டிரைவை எடுக்க வீட்டுக்கு வந்தார். வாசலில் கணவர் நின்றிருந்தார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், வாய் ஓயாத மனிதர். அன்று பேயறைந்த மாதிரி இருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"லாரியில கேக்கப் பாட்டு ஏத்தலாம்னு தம்பியோட லேப்டாப்பை வாங்கிட்டு வந்தேன். அலமாரியில இருந்த பென்டிரைவ்ல ஏதோ பழைய ஃபைல் கிடந்துச்சு. உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சிட்டேன். அப்புறம்தான் அது உன்னோடதுன்னு உறைச்சுது."

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். பென்டிரைவ் லேப்டாப்பிலேயே செருகியிருந்தது.

"இரு, எதையாவது அமுக்கினா வந்தாலும் வரும்" என்று கணவர் லேப்டாப் பக்கம் நகர்ந்தார்.

"கையை எடுங்க."

அது சிறை வாசலில் பேசும் குரல். கணவர் கையை மட்டுமல்ல, காலையும் பின்னால் எடுத்தார். கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தது ஒன்றுகூட அக்காவுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. சார் மேசையைத் தட்டியதுதான் காதில் கேட்டது. கைக்குட்டையால் பென்டிரைவை உருவி, சுத்தமான கவரில் போட்டு ஒட்டினார். மேலே ஒரு சீட்டு: 'கடைசியாகத் தொட்டவர்: கணவர்.' லேப்டாப்பையும் ஒரு பையில் போட்டுக் கட்டினார்.

"என்னையும் கவர்ல போடுவியா?"

"நீங்களும் வாங்க."

கல்லூரிக்கு லாரியில் போகும்போது அக்கா கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சீட்டைப் படித்த டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நடந்ததைக் கேட்டதும் முகம் மாறியது. "அழிச்ச பிறகு இதுல பாட்டு ஏதாவது ஏத்தினீங்களா?"

கணவர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். "ஒண்ணுமே செய்யலை. இவளுக்காக வாசல்ல போய் நின்னுட்டேன்."

"அப்படின்னா இருக்கும் அக்கா. அழிச்சதும் போயிடாது. மேல வேற எதையாவது ஏத்தினாத்தான் போகும்."

டீச்சர் ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டார். அறிக்கையின் பெயர் திரையில் வந்தபோது அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார் பாடத்தை என் வகுப்புல நடத்துறீங்கன்னு இத்தனை நாளா திட்டினேன். வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் டீச்சர். "இப்ப தொடுங்க."

அக்கா தொட்டார். அறிக்கையைத் திறந்தார், நகல் எடுத்தார், அச்செடுத்துக் கொடுத்தார். இரண்டு படிப்பிலும் தேறிவிட்டார், பகல் வேலையும் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களை எதற்குக் காக்க வைப்பது?

டீச்சருக்குக் குறும்பு போகவில்லை. கவரைக் காட்டிக் கேட்டார்: "இந்தக் கேஸ்ல குற்றவாளி அவர்தானே அக்கா?"

அக்கா திரும்பிப் பார்த்தார். உள்ளே வரலாமா என்று தெரியாமல் கணவர் கதவோரம் நின்றிருந்தார். இத்தனை மாலைகளும் லாரியைச் சீக்கிரமே நிறுத்திவிட்டு வந்து, மகளுக்குச் சோறு போட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, மனைவியை வகுப்புக்கு அனுப்பிய மனிதர். இன்று நினைத்திருந்தால் பாட்டை ஏற்றிக் கேட்டுவிட்டு, பென்டிரைவை இருந்த இடத்திலேயே வைத்திருக்கலாம். நம் விரல்தான் எதையோ கெடுத்தது என்று அக்கா தன்னையே நொந்துகொண்டிருப்பார். சின்னத் தப்பை மறைக்கப் போய்ப் பெரிய தப்பில் மாட்டியவர்களின் மனைவிகளைத்தான் அவர் தினமும் வாசலில் சோதனை போடுகிறார்.

"இல்ல டீச்சர். கேக்கறதுக்கு முன்னாடியே உண்மையைச் சொன்னார். அதனாலதான் கிடைச்சுது."

கல்யாணமான நாளிலிருந்து கணவரிடம் சொல்லியே இராததைச் சொன்னார். "ரொம்ப நன்றிங்க."

"திட்டுவேன்னு நினைச்சேன்."

"அது வீட்டுக்குப் போய்."

கணவருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அக்கா பையை அவிழ்த்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார். பென்டிரைவைச் செருகினார். பிறகு யாரும் சொல்லாமலே மவுஸில் கை வைத்தார்.

"பக்கத்துல உக்காருங்க. எந்தப் பாட்டெல்லாம் வேணும், சொல்லுங்க."